குமரகுருபரர் கதையை நாம பாதியிலேயே நிறுத்திடுறோம்



போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் அக்கா போன் பண்ணினாள். வழக்கமா "சாப்பிட்டியா"ன்னுதான் ஆரம்பிப்பாள். அன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துட்டாள். அவள் மகன் மூணாம் வகுப்பு. இன்னும் வாசிக்க வரலை. வாய்க்கணக்கு கேட்டால் டக்குன்னு சொல்லிடுவான், அதே கணக்கைத் தாள்ல எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த முழிப்பான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "இவனுக்கு இங்க சரிப்பட்டு வராது, வேற இடம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் வேண்டாம். இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான்.

அக்கா ஏற்கெனவே முடிவு எடுத்துட்டாள். 48 நாள் விரதம், தினமும் சாயங்காலம் கந்தர் கலிவெண்பா பாராயணம், கடைசி நாள் திருச்செந்தூர்.

"ஏலே, வாய் பேசாத பிள்ளையையே பேச வச்சவன் அவன். என் பிள்ளையை வாசிக்க வைக்க மாட்டானா?"

"வைப்பான்க்கா" என்று சொல்லி போனை வச்சுட்டேன். மணி ராத்திரி பதினொண்ணு, ஆபீஸ்ல ஒரு சர்வர் பிரச்சினை ஓடிட்டிருந்தது. ஆனால் அன்னைக்கு ராத்திரி முழுக்க மண்டைக்குள்ள ஓடினது அக்கா கேட்ட கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் பாதிப் பதில். மீதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். 17-ஆம் நூற்றாண்டு. சண்முகசிகாமணிக் கவிராயர், சிவகாமசுந்தரி அம்மையார் தம்பதிக்கு ஒரு பையன் பிறக்கிறான். அஞ்சு வயசு ஆகியும் பேச்சு வரலை. அப்பா கவிராயர் என்பதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தமிழே தொழிலா இருக்கிற வீட்டில் ஒரு ஊமைப் பிள்ளை. வர்றவங்க போறவங்க என்னவெல்லாம் சொல்லியிருப்பாங்க! பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூர் போய், கடற்கரைச் சன்னதியிலே ஒரு மண்டலம் தவம் கிடக்கிறார்கள். முருகன் அருளால் பிள்ளை வாய் திறக்கிறது. திறந்த வாயிலிருந்து வந்ததுதான் கந்தர் கலிவெண்பா. கந்தபுராணத்தையே அதற்குள் அடக்கிட்டதால் "குட்டிக் கந்தபுராணம்" என்றே அதைச் சொல்வதுண்டு.

நம்ம குரூப்ல ஃபார்வர்டு ஆகிற கதை இங்கே முடிஞ்சிடும். கீழே ஒரு வேல் படம், அரோகரா, அவ்வளவுதான்.

உண்மையில் கதை இங்கேதான் ஆரம்பிக்குது. பேச்சு வந்த குமரகுருபரர் என்ன பண்ணினார்? சொந்த ஊர் கயிலாசநாதர் மேலே கலம்பகம் பாடினார். ஊரைவிட்டுக் கிளம்பி மதுரை போனார். திருமலை நாயக்கர் காலம், அதாவது 1623-க்கும் 1659-க்கும் நடுவிலே. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அங்கேதான் அரங்கேறியது. மன்னரே மரியாதை செய்கிற அளவுக்குப் புகழ். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. குரு கிடைக்கலை. முருகன் அவருக்குச் சொன்ன அடையாளம் ஒண்ணே ஒண்ணுதான் என்று வரலாறு சொல்கிறது: எவர் முன்னால் உன் பேச்சு நிற்கிறதோ, அவரே உன் குரு.

இந்த அடையாளத்தை நான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கேன், அதன் வினோதம் புரிஞ்சது இப்போதான். பேச்சே வராமல் கிடந்த பிள்ளைக்குப் பேச்சைக் கொடுத்தவன், அந்தப் பேச்சு நிற்கிற இடத்தைத் தேடிப் போகச் சொல்றான்!

குமரகுருபரர் தருமபுரம் போகிறார். மடத்தில் மாசிலாமணி தேசிகர். பெரியபுராணத்தில் சுந்தரர் தில்லைக் கூத்தனைக் கண்டு நின்ற நிலையைச் சொல்லும் ஒரு பாட்டுக்கு அனுபவப் பொருள் என்ன என்று தேசிகர் கேட்கிறார். ராஜசபையில் பாடின வாய் அடைச்சுப் போகுது. அந்த இடத்திலேயே காலில் விழுந்துவிடுகிறார்.

இதை இன்னைக்கு நம்ம வகுப்பறையில் வைத்துப் பாருங்க. வாத்தியார் கேள்வி கேட்கிறார், பையன் பதில் தெரியாமல் நிற்கிறான். என்ன நடக்கும்? பெஞ்சு மேல ஏறு, வெளியே நில்லு, அப்பாவைக் கூட்டிட்டு வா. பிரம்பு இப்போ சட்டப்படி இல்லை, 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செஞ்சிருக்கு. ஆனால் வார்த்தையால அடிக்கிறது இன்னும் நிக்கலை. தருமபுரத்தில் பதில் தெரியாமல் நின்றதுதான் அட்மிஷன். அங்கேயிருந்துதான் பாடம் ஆரம்பிச்சது. சிஷ்யன் உடனே துறவறம் கேட்டார், தேசிகரோ முதலில் காசி போய்விட்டு வா என்றார். அவ்வளவு தூரமா என்று சிஷ்யன் தயங்க, சரி, சிதம்பரத்தில் கொஞ்சகாலம் இரு என்று மாற்றிக்கொடுத்தார். இந்தச் சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைக்கு முடியலைன்னா பாடத்தை மாத்துறார். அப்புறம் அதே சிஷ்யன் காசிக்கும் போனார், அங்கே இருந்த அரசாங்கத்தாரிடம் பேச இந்துஸ்தானியும் கத்துக்கிட்டார், மடமும் கட்டினார். அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.

இதை அக்காகிட்ட சொன்னப்போ அவள் கேட்டது: "அப்ப முருகனால முடியாதுங்கியா? வாத்தியார்தான் எல்லாமா?"

இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். அருளா, ஆசிரியரா? ரெண்டையும் எதிர் எதிரா நிறுத்துறதே தப்புன்னு எனக்குத் தோணுது. ஆனால் "எல்லாம் ஒண்ணுதான்"னு பொத்தாம்பொதுவா சொல்லித் தப்பிக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஏன்னா "முருகன் பார்த்துப்பான்"னு சொல்லி ஒரு பிள்ளையை ரெண்டு வருஷம் அப்படியே விட்டுட முடியும். பக்தி அங்கே பிள்ளைக்குத் துணையா இல்லாமல் நம்ம சோம்பேறித்தனத்துக்குத் துணையா ஆகிடும். கதையிலேயே பாருங்க: பேச வைத்தவன் செந்திலாண்டவன். ஆனால் பாடம் எடுக்க அவன் இன்னொரு மனுஷனைக் காட்டினான். தானே எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கலாமே? சுவாமிமலையில் அப்பனுக்கே பாடம் எடுத்தவன்தானே? கந்தர் அனுபூதியை அருணகிரிநாதர் முடிக்கிறதும் முருகனைக் குருவா வரச் சொல்லித்தான். இருந்தும் இந்தப் பிள்ளையை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குத் தேட விட்டான்.

பிரம்மாவைக் குட்டி ஜெயில்ல போட்டது கூடவா கருணைன்னு சிலர் கேட்பீங்க. நியாயம். பிரணவத்துக்குப் பொருள் தெரியலைன்னு தண்டிச்ச வாத்தியார்தான் நம்ம முருகன். ஆனால் ஒண்ணு கவனிங்க. பிரம்மாவை உள்ளே போட்டுட்டு அவர் பார்த்த படைப்பு வேலையை முருகனே எடுத்துச் செஞ்சான். அப்புறம் தண்டனை வாங்கினவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இல்லை, வேலையில் இருக்கிற பெரிய அதிகாரி. எட்டு வயசுப் பையன்கிட்ட குட்டு வைக்கிறதுக்கு இந்தக் கதையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

என் கதைக்கு வர்றேன்.

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சக்காமாலை வந்து ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகலை. திரும்பிப் போனப்போ பின்னம் நடத்தி முடிச்சிருந்தாங்க. ஆறாம் வகுப்பில் கணக்குன்னாலே வயிறு கலங்கும். முதல் இடைத்தேர்வில் நூற்றுக்கு 11. அடுத்ததில் 9. தாளை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிச்சுக் கொடுப்பாங்க. எனக்கு மூளை கம்மின்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். நம்பிட்டா ஒரு வசதி இருக்கு, அப்புறம் முயற்சி பண்ண வேண்டியதில்லை.

அந்த வருஷம் நடுவில் ஒரு கணக்கு டீச்சர் மாற்றலாகி வந்தாங்க. பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பிடிக்காது. பெரிய புன்னகை, தோளில் தட்டுறது இதெல்லாம் கிடையாது. சிடுசிடுன்னுதான் இருப்பாங்க. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "எய்யா, நோட்டை மூடு. எதுல இருந்து புரியலைன்னு மட்டும் சொல்லு"ன்னாங்க. அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாருமே என்கிட்ட கேட்டதில்லை. "ஏன் புரியலை"ன்னு கேட்டவங்க நிறைய பேர். "எதுல இருந்து" என்று கேட்டது அவங்க மட்டும்தான். நான் யோசிச்சுச் சொன்னேன், காய்ச்சல்ல படுத்ததுல இருந்துன்னு.

டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு தோசையை எடுத்தாங்க. ரெண்டாப் பிய்ச்சாங்க. திரும்ப ரெண்டாப் பிய்ச்சாங்க. ஒரு துண்டை அவங்க தின்னுட்டு, "மிச்சம் எவ்வளவு"ன்னாங்க. மூணு துண்டுன்னு சொன்னேன். "எத்தனையில மூணு?" நாலுல மூணு. "அதைத்தான் மேலயும் கீழயும் எழுதுறோம். தின்னு." அந்த முக்கால் தோசை இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. பொடி தடவின தோசை. ரெண்டு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க அஞ்சாம் வகுப்புப் பாடம்தான் நடந்தது. கடைசித் தேர்வில் 64. வீட்டில் பாயசம் வச்சாங்க.

இப்போ ஆபீஸ்ல ஒரு ப்ரோகிராம் நின்னு போச்சுன்னா முதல்ல லாக் எடுத்து, எந்த வரியில் நின்னதுன்னு பார்ப்போம். யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்து "உனக்கு அக்கறையே இல்லை"ன்னு திட்டமாட்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் நேரே திட்டுதான்.

இதோட நிறுத்தினா இதுவும் ஃபார்வர்டு கதைதான். நிறுத்த முடியலை. ஏன்னா என் பெஞ்சிலேயே இன்னொரு பையன் இருந்தான். எனக்கு 9, அவனுக்கு 7. அறுவடை நேரத்தில் வயலுக்குப் போயிடுவான், வாயே திறக்க மாட்டான். அவனுக்குத் தோசை கிடைக்கலை. எட்டாவதோட நின்னுட்டான். திருப்பூர்ல பனியன் கம்பெனி. ரெண்டு வருஷம் முந்தி தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தப்போ பார்த்தேன். நல்லாத்தான் இருக்கான், கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு. "என்னலே எஞ்சினியரே"ன்னு கட்டிப் பிடிச்சான். டீச்சர் பேச்சு வந்தது. அவன் சாதாரணமாச் சொன்னான்: "நல்ல டீச்சர்லே. உனக்கு."

அந்த "உனக்கு" இன்னும் உள்ளே குத்திட்டே இருக்கு.

நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்தைக் கொடுப்பது நியாயமா? எல்லாருக்கும் சமமாக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு நிமிஷம் தேறும். ஒரு நிமிஷத்தில் யாருக்கும் பின்னம் வராது. அதனால் யாருக்கோ கொஞ்சம் அதிகமாத்தான் கொடுக்கணும். ஆனால் யாருக்கு? நான் தகுதியால் வாங்கினேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இந்தக் கேள்வியை டீச்சர்கிட்டேயே கேட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்காங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "நீ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருப்ப. கேக்க வர்ற மாதிரி. அவன் தலையே நிமிர மாட்டான். நிமிராத பிள்ளையைத்தான் நான் மொதல்ல பாத்திருக்கணும். நான் செஞ்சது தப்புதான்யா."

நான் அவங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவங்க அதை ஏத்துக்கலை. டீச்சர்களைத் தெய்வம்னு சொல்லி மாலை போடுறதில் ஒரு ஆபத்து இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. தெய்வம்னு சொல்லிட்டா, அவங்க தன் தப்பைச் சொல்ல இடமே இல்லாமப் போயிடும். நாற்பது பிள்ளைக்கு ஒரு ஆளைப் போட்டவங்களையும் யாரும் கேட்க மாட்டாங்க.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர்ல போனவங்களுக்குத் தெரியும், ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. அங்கேயும் பேசாத ஒரு பிள்ளை உண்டு. நம்மாழ்வார். பிறந்ததிலிருந்து அழவில்லை, பாலுக்கும் வாய் வைக்கவில்லை, 16 வருஷம் புளியமரத்தடியில் மௌனம். வடக்கே யாத்திரை போயிருந்த மதுரகவி, தெற்கே தெரிந்த ஒளியைப் பின்பற்றி வந்து அந்தப் பிள்ளை முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்தது. கேள்வி கேட்டவர் வயசில் பெரியவர், படிச்சவர். அவர்தான் சிஷ்யராக ஆனார். நாம சைவம் வைணவம்னு பிரிச்சு வச்சிருக்கோம், ஆத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்து ஊரில் பேசாத ரெண்டு பிள்ளைகள். அதில் ஒருத்தருக்கு 16 வருஷம் யாரும் வந்து சரியானபடி ஒண்ணு கேட்கலை.

அதே ரயிலில் திருநெல்வேலியை விட்டதும் பாளையங்கோட்டை. அந்த ஊரில் 1890-ல் ஆஸ்க்வித் என்ற பெண்மணி பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பத்தாண்டுகளிலேயே ஃப்ளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்பவர் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆரம்பித்த பள்ளி இன்னைக்கும் அவர் பேரிலேயே நடக்குது. ரெண்டு பேரும் கிறிஸ்தவ மிஷனரிகள். முருகன் பேஜ்ல இதை ஏன் எழுதுறேன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க. போடுங்க. காது கேளாமல் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை "ஊமை"ன்னு ஒரே வார்த்தையில் மூலையில் உட்கார வச்ச காலம் அது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் செந்தூருக்கு நடந்திருப்பாங்க, மண்சோறு சாப்பிட்டிருப்பாங்க. அந்த வேண்டுதலுக்குப் பதில் எந்த வாசல் வழியா வரணும்னு முருகனுக்கு நாம கட்டளை போட முடியுமா?

அக்கா விரதத்தை விடலை. நானும் விடச் சொல்லலை. கூடவே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டேன்: முதல்ல கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொன்னேன். ரெண்டும் சரியா இருந்தது. அப்புறம் திருநெல்வேலியில் ஒரு மருத்துவர், கற்றல் குறைபாடு இருக்குன்னு சொன்னார். மூளை கம்மி இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற வழி மட்டும் வேற. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இதுவும் இருக்கு, பொதுத்தேர்வு வரைக்கும் கூடுதல் நேரம் மாதிரி சலுகைகள் கேட்டு வாங்கலாம். இதைப் படிக்கிறவங்க வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெஞ்சு "சோம்பேறி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடுங்க.

ஊருக்குப் போனப்போ மருமகன்கிட்ட, டீச்சர் என்கிட்ட கேட்ட மாதிரியே கேட்டுப் பார்த்தேன். "வாசிக்கும்போது என்னடா ஆகுது?" ரொம்ப நேரம் கால் விரலைப் பார்த்துட்டு சொன்னான்: "எல்லா எழுத்தும் ஒண்ணாச் சேர்ந்து நிக்கி மாமா. எது எங்க முடியுதுன்னு தெரியல."

எட்டு வயசுப் பையன் இவ்வளவு தெளிவாச் சொல்றான். மூணு வருஷமா யாரும் கேட்கலை, நானும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு நடந்தது. விரதம் ஆரம்பிச்சு மூணு வாரம் இருக்கும். அக்கா கலிவெண்பா வாசிக்கும்போது நடுவில் குக்கர் விசில் அடிச்சு எழுந்து போயிருக்காள். உள்ளே இருந்து கேட்டால் பாட்டு நிற்கலை. பையன் புத்தகத்தைப் பார்க்காமலே அடுத்த இருபது கண்ணியைச் சொல்லிட்டிருந்தானாம். காதால் கேட்டே ஏத்திக்கிட்டான். அக்கா எனக்குப் போன் பண்ணி அழுதாள். முருகன் செஞ்சான்னு சொன்னாள். ஆமாம்னு சொன்னேன். இந்தத் தடவை பாதிப் பதில் இல்லை.

இப்போ வேற பள்ளிக்கூடம். அங்கே வகுப்பு டீச்சர் ஒரு தபால் அட்டையில் சின்னதா ஜன்னல் வெட்டிக் கொடுத்திருக்காங்க. புத்தகத்தின் மேலே வைத்து நகர்த்தினால் ஒரு சமயத்தில் ஒரு வார்த்தைதான் தெரியும். முதல் நாளே அக்காவிடம், "இவன் மெதுவாத்தான் வருவான், நீங்க அவசரப்படுத்தாதீங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். அவங்க வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மீதி முப்பத்தொண்ணு பேரில் தலை நிமிராத பிள்ளை எதுன்னு அவங்களுக்குத் தெரியுமான்னு நான் கேட்கலை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கான்னும் தெரியலை.

48-ஆம் நாள் எல்லாரும் பாசஞ்சர்ல கிளம்பினோம். அவனுக்கு ஜன்னல் சீட். ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் வாசிப்பேன்னு பந்தயம் கட்டினான். செய்துங்கநல்லூரில் பாதிதான் முடிஞ்சது. தாதன்குளம் முழுசா. ஸ்ரீவைகுண்டத்தில் அந்த "ஸ்ரீ"யைப் பார்த்து, "இது என்ன மாமா எழுத்து, படம் மாதிரி இருக்கு"ன்னான். அக்கா கை கூப்பினாள், கவிராயர் வீட்டுப் பிள்ளையை நினைச்சிருப்பாள். ஆழ்வார்திருநகரியில் அட்டை இல்லாமல், ரெண்டு கையாலும் கண்ணைச் சுத்தி ஜன்னல் மாதிரி வச்சுக்கிட்டு, "ஆழ்... வார்... திரு..." வரைக்கும் வந்தான். ரயில் எடுத்துட்டான். பலகை பின்னாடி போகுது, இவன் கம்பியில் முகத்தை அழுத்தித் தலையைத் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"திரும்பி வரும்போது மிச்சத்தை வாசிச்சுக்கலாம்லா மாமா?"

"வாசிச்சுக்கலாம்யா."

அடுத்து நாசரேத். பலகை வர்றதுக்கு முன்னாடியே கையை எடுத்துக் கண்ணில் வச்சுக்கிட்டான்.